புறப்படுமுன் நுழைந்தவன்

குமணன் அண்ணன் மலேசியாவுக்குள் நுழைந்தபோது
மணி ஏழு ஐம்பது.
சிங்கப்பூரிலிருந்து அவன் இன்னும் வெளியேறியிருக்கவில்லை.

தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில்
அது அப்படித்தான்.
நடைமேடை அவர்களுடையது,
வாசலில் டாக்சி நிற்கும் சாலை நம்முடையது.
இங்கே அவர்கள் உள்ளே விடுவார்கள்.
தீவின் மறுமுனையில், உட்லண்ட்ஸில்,
நம்மவர்கள் வெளியே விடுவார்கள்.
இடையில் இருக்கும் ஆள் எந்த நாட்டில் இருக்கிறான்
என்று கேட்டால்
ஒரு சீருடை இன்னொரு சீருடையைக் கைகாட்டும்.

பெருமருத்துவமனை ரத்த வங்கியில்
இரவு ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருந்தேன்.
பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.
குழம்பைத் தொடாமல் தின்றான்.
பதினோரு நாளாகப் பேசியதையே
ஒரு வரியில் இன்னொரு முறை சொன்னான்:
"அப்பா வீட்டை வித்திருக்கலாம் கோதை."
நான் பில்லைப் பார்த்தேன்.
மூன்று வெள்ளி அறுபது.

பாஸ்போர்ட்டில் குத்தவில்லை.
வெள்ளைச் சீட்டில்தான் குத்தினார்கள்.
கம்பிக்கு அந்தப்பக்கம் போனதும்
அவன் வெளிநாட்டில் நின்று
மூக்கைச் சிந்தினான்.

தங்ளின் ஹால்ட்டில் ஒன்பதாம் மாடி.
கதவுக்கு முன்னால் பையைத் துழாவும்போதுதான்
நினைவு வந்தது:
கடைசியாகப் பூட்டியவன் அவன்.
சாவி அவன் சட்டைப்பையில்.

ரயில் தாமதமாகத்தான் கிளம்பியிருக்க வேண்டும்.
புளோக்குக்குப் பின்னால் அந்தச் சத்தம்,
பிறகு பெட்டிகளின் கூரைகள்,
மழைக்கறை படிந்து,
வாழை மரங்களை உரசிக்கொண்டு.
மூன்றாவது பெட்டியில் என் அண்ணன்,
என் சமையலறை ஜன்னலுக்குக் கீழே,
மலேசியாவில்.

கத்தினேன்தான்.
எதிர் வீட்டு நாய் குரைத்தது.

டாக்சிக்காரர் கேட்டார், "யாரைத் துரத்துறீங்க?"
"ரயிலை" என்றேன்.
அவருக்குச் சந்தோஷம்.
புக்கிட் தீமா கறுப்புப் பாலம் தாண்டும்போது
அவரே சொன்னார்: பக்கத்து ஸ்டேஷனில்
பிரம்பு வளையத்தில் கட்டி
ஓட்டுநரிடம் ஒரு சாவி நீட்டுவார்களாம்.
அது கையில் இல்லாமல்
அடுத்த தண்டவாளத்தில் நுழைய முடியாதாம்.
எல்லாருக்கும் ஒரு சாவி இருந்தது அன்றைக்கு.

உட்லண்ட்ஸில் கண்ணாடிக் கதவு.
சார்ஜென்ட் நோராஷிகின் என்று
நெஞ்சில் பெயர் குத்தியிருந்த பெண்
பொறுமையாக விளக்கினாள்:
அவர் இன்னும் போகவில்லை,
ஆனால் நீங்கள் வர முடியாது.
என் மருத்துவமனை அட்டையைப் பார்த்தாள்.
கண்ணின் கீழிருந்த கருமையைப் பார்த்தாள்.
அண்ணன் பெயரை இரண்டு முறை
தப்பாகச் சொல்லிப் பார்த்துவிட்டு
உள்ளே போனாள்.

பயணிகள் இறங்கி, வரிசையில் நின்று,
திரும்ப ஏறும் சத்தம் மட்டும் கேட்டது.
அவனைப் பார்க்கவில்லை.

அவள் கொண்டுவந்தது இரண்டு சாவி.

ஒன்று என்னுடையது, நீல நாடாவோடு.
இன்னொன்று பித்தளை,
பல் தேய்ந்து, வியர்வையில் கறுத்தது.
"இதையும் தந்துடச் சொன்னார்" என்றாள்.
"வேற எதுவும் சொன்னாரா?"
"ரயிலுக்கு நேரமாச்சு, மேடம்."

வீட்டுக்கு வந்து, தூங்காமல்,
அந்தப் பித்தளைச் சாவியை
பூட்டில் விட்டுப் பார்த்தேன்.
ஒரு மடக்கு தயங்கியது.
பிறகு திரும்பியது.

பதினெட்டு வருடம்.
கல்யாணமாகிச் சிகாமட் போனதிலிருந்து,
தீபாவளிக்கு,
அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது,
அப்பாவைக் கொண்டுவந்து கிடத்திய அன்று,
இந்தப் பதினோரு நாள் சண்டைக்கும்கூட,
பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு
வாசலில் நின்று
மணியடித்துத்தான் உள்ளே வந்தான்.